பாருக்கடியில் இரண்டு விரல்

பிப்ரவரி 9

பயிற்சியாளர் அம்மையாருக்கு,

‘அண்ணி’ என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். அந்த உறவு இனி என் அண்ணனோடு நிற்கட்டும்.

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருப்பதால் அண்ணன் மூலம் தூது விடுகிறீர்கள். “அவ எதுக்குச் சொல்லாம கொள்ளாம போனான்னு கேளுங்க” என்றீர்களாம். ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. சரி, எழுதியே சொல்லிவிடுகிறேன். எழுதினால் நீங்கள் நடுவில் புகுந்து பேச முடியாது.

வலுதூக்கும் அணிக்கான தேர்வுப் போட்டியில் என் கடைசி முயற்சி தொண்ணூறு கிலோ. வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வருடம் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். பெஞ்சில் படுத்து, இரு முனையிலும் எடை மாட்டிய இரும்புப் பாரை நெஞ்சு வரை இறக்கி, பாதிக்கு மேல் ஏற்றிவிட்டேன். மெதுவாக ஏறியது, ஆனால் ஏறியது. அதற்குள் தலைமாட்டில் நின்ற நீங்கள் கையை வைத்தீர்கள். பிடிக்க நிற்கும் ஆள் பாரைத் தொட்டால் அந்த முயற்சி செல்லாது என்பது நம் பயிற்சிக் கொட்டகைக்கு நேற்று வந்த பெண்ணுக்கும் தெரியும். மூன்று நடுவர்களும் சிவப்பு விளக்கைப் போட்டார்கள். அணியில் என் இடம் அதோடு போயிற்று.

ஏன் தொட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் தன் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, பாதியை எனக்கும் பாதியை உங்களுக்கும் பிரித்துக் கொடுத்தான். என் இரும்புப் பக்கத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். உங்கள் பக்கத்தில் கயிறும் வளையமும் காற்றில் ஆடின. “சொந்த உடம்பையே தூக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி இரும்பு?” என்று குத்திக் காட்டி, ‘கிரேன்’ என்று நீங்கள் கேலி செய்யாத நாள் உண்டா? நான் அணிக்குப் போய்விட்டால் உங்கள் பக்கம் ஒட்டடைதான் மிஞ்சியிருக்கும்.

வேண்டுமென்றே தொட்டீர்கள் என்று கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். பெண்களைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களிடம் தனித்தனியாகச் சொன்னேன். கிளம்பும் அன்று நீங்கள் தொங்கி ஏறும் புல்-அப் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றியதும் நான்தான். பாருக்கு முன் நீங்களே எல்லோர் எதிரிலும் நின்று, “பார் ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான்தான் கெடுத்தேன்” என்று சொல்லும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

கிரேன்


பிப்ரவரி 20

கிரேன் அம்மணிக்கு,

கம்பியைக் கழற்றியவள் போல்ட்டுகளையும் கழற்றியிருக்க வேண்டும். துருத்திக்கொண்டு நின்றவை உன் அண்ணனின் முழங்கையைக் கிழித்துவிட்டன. “ரெண்டு பேரும் சண்டை போட்டுக்குங்க, ஆனா ஒடைக்கிறதை எல்லாம் நான்தான் ஒட்ட வைக்கணும், அதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் புதுக் கம்பி வைத்தார். பழையதைவிட உறுதியாக இருக்கிறது. அந்த வகையில் உனக்கு நன்றி.

பார் ஏறவில்லை. இறங்கியது. நீ படுத்திருந்தாய், உன் கண்ணுக்குத் தெரிந்தது கூரை. நான் நின்றுகொண்டிருந்தேன். இதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கப் போவதில்லை.

நீ பேசிவிட்டுப் போன பேச்சு என்ன செய்திருக்கிறது என்று கேட்டுக்கொள். காலையில் வருவாளே, பல் மருத்துவரிடம் வேலை செய்கிற பெண், அவள் பெஞ்சில் படுத்ததும் நான் வழக்கம்போலத் தலைமாட்டில் போய் நின்றேன். “வேண்டாங்க, நீங்க தள்ளியே நில்லுங்க” என்றாள். நேற்று ஒருத்தி யாரும் இல்லாமல் தூக்கப் போய், பார் நெஞ்சில் உட்கார்ந்து, நீலம் பாரித்துப்போனாள். ஓடிப்போய் எடுத்தேன். நன்றி சொல்லவில்லை. கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என் பக்கத்திலும் அதே கதைதான். சுவரில் கால் வைத்துத் தலைகீழாக நிற்கும் பிள்ளைகள் என்னை இடுப்பைப் பிடிக்க விடுவதில்லை. மூன்று அம்மாக்கள் பெண்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் தொழிலில் கைதான் முதல். ‘இவள் கையை நம்பாதே’ என்று ஒருத்தி சொல்லிவிட்டால் அப்புறம் என்ன கற்றுக் கொடுத்து என்ன?

நன்றாகப் பழி தீர்த்துக்கொண்டாய். வயிறு நிறைந்ததா? நிறைந்திருந்தால் அந்த அம்மாக்களுக்கு நாலு வரி எழுதிப் போடு. இல்லாவிட்டால் அங்கேயே இரும்பைக் கட்டிக்கொண்டு அழு.

பல்லி
(நீ வைத்த பெயர்தானே. சுவரில் ஒட்டிக்கொள்பவள் அவ்வளவு சீக்கிரம் விழமாட்டாள்.)


ஏப்ரல் 2

பல்லி அண்ணிக்கு,

அம்மாக்களுக்கு எழுத மாட்டேன். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இப்போது வந்து நிற்கிறது.

இங்கே எனக்கு ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து வண்டியில் போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கை வைத்த சட்டம் இருக்கிறது. தூக்க முடியாவிட்டால் பார் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், தலைமாட்டில் ஆள் நிற்கத் தேவையில்லை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தொண்ணூறு ஏறவில்லை. வந்த களைப்பு என்று நினைத்தேன். மறு வாரமும் ஏறவில்லை. எண்பத்தேழரையும் ஏறவில்லை. கொட்டகையில் வாரா வாரம் தூக்கியது, அசையவே மாட்டேன் என்றது. உடம்பில் ஏதோ கோளாறு என்று பயந்துபோய் ரத்தம்கூடச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை.

அங்கே பஸ் ஓட்டும் அம்மா ஒருவர் பயிற்சி செய்கிறார். அதிகம் பேசமாட்டார். நான் திணறுவதைப் பார்த்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பார் மறுபடியும் சட்டத்தில் உட்கார்ந்தது.

“இதுக்கு முன்னாடி உனக்கு யாரு பின்னாடி நின்னது?”

“எங்க அண்ணி.”

“தூக்கறப்ப அண்ணி சும்மா நிப்பாங்களா, எதாவது சொல்லுவாங்களா?”

“‘எல்லாம் நீதான், எல்லாம் நீதான்’னு கத்துவாங்க.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எதிரே ஓடிக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டார். “அப்படிக் கத்தறவங்க கை என்னைக்கும்மா சும்மா இருந்திருக்கு? ரெண்டு விரல் அடியில இருக்கும். அதை மறைக்கத்தான் அந்தக் கத்தல்.”

ஒரு முயற்சியைக் கெடுத்தீர்கள் என்றுதான் இதுநாள்வரை உங்கள்மேல் கோபம். இப்போது பார்த்தால் நான் தூக்கியதாக நினைத்த எதையுமே நான் தூக்கவில்லை. சுவரில் எழுதி வைத்தோமே, கைதட்டினார்களே, அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினானே, அத்தனையும் உங்கள் விரல். உங்களை எப்படிச் சும்மா விடுவேன்?

விரல் வைத்தீர்களா, இல்லையா? சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தையில் பதில் வேண்டும்.


ஏப்ரல் 11

கிரேனுக்கு,

வைத்தேன்.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். மற்றதையும் கேட்டுக்கொள்.

நான் முதலில் விரல் வைத்த வருடம் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. கட்டிக்கொள்வதாகச் சொன்னவன் கைவிட்டுப் போயிருந்தான். ‘இவ்வளவு அகலத் தோளோடு ஒரு பெண்ணா’ என்று அவன் வீட்டில் சொன்னதை நீ வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டகைக்கு வந்து படுத்தாய், பார் நடுவில் நின்றுவிட்டது, உன் முகம் இடிந்துபோயிற்று. விரலை வைத்தேன். ஏறியது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சாப்பிட்டாய். அடுத்த முறை வைக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த முறை வைக்காமல் இருக்க முடியவில்லை. அப்புறம் எப்படி நிறுத்துவது?

இதனால்தான் நான் இரும்பை மதிப்பதில்லை. எடைப் பிளேட்டில் எண் அடித்திருக்கிறது, அது பொய் சொல்லாது என்று பெருமை பேசுவாய். எண் பொய் சொல்லாது, பின்னால் நிற்கும் பாசம் சொல்லும். கம்பியில் தொங்கிப் பார். உன் கனம் முழுக்க உன் உள்ளங்கையில் இருக்கும். முடிந்தால் ஏறுவாய், முடியாவிட்டால் தொங்குவாய். ஏமாற்றுவதற்கு அங்கே இடமே கிடையாது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஒரு பக்கம் அரைக் கிலோ பிளேட் விட்டுப்போனால் பாரைத் தொட்டதுமே “யாருடி மாட்டினது?” என்று சத்தம் போடுகிறவள் நீ. உன் கைக்கு என் இரண்டு விரல் தெரியவில்லையா? அத்தனை மாதமும்? இந்தக் கதையை வேறு யாரிடமாவது சொல்.

போட்டியன்று அந்தப் பார் இறங்கும் என்று உனக்கு முன்னால் எனக்குத் தெரியும். அதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று அறிந்த ஒரே ஆள் நான். உன் கழுத்தில் விழுவதற்கு முன் பிடித்தேன். அதற்குத்தான் இந்தப் பட்டம் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அம்மாக்களுக்கு எழுது. பல் மருத்துவரிடம் வேலை செய்கிற அந்தப் பெண்ணும் இந்த வாரத்தோடு நின்றுவிட்டாள்.

அண்ணி


செப்டம்பர் 15

அண்ணிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவள் இல்லை. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. வேறு வேலையும் இருந்தது.

வெறும் பாரிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். பஸ் ஓட்டும் அம்மா கையைக் கட்டிக்கொண்டே நிற்பார். “தூக்கினா தூக்கு, இல்லைன்னா சட்டம் இருக்கு” என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒவ்வொரு முறை படுக்கும்போதும் கூரைக்குப் பதிலாக உங்கள் முகத்தை நினைத்துக்கொள்வேன். அதைவிடப் பெரிய உரம் கிடையாது. இப்போது தொண்ணூறு ஏறுகிறது. ஒரு விரலும் இல்லாமல் ஏறுகிறது.

நவம்பரில் நம் ஊர் அரங்கில் திறந்தநிலைப் போட்டி, வயது வரம்பு இல்லை. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். அங்கே அவரவர் ஆளையே தலைமாட்டில் நிறுத்திக்கொள்ளலாம். நான் உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

பதற வேண்டாம், உங்களை மன்னித்து அழைக்கவில்லை. பாரைத் தாங்கியிலிருந்து நானே எடுத்துக்கொள்வேன். இரண்டு முனையிலும் போட்டி நடத்துபவர்களின் ஆட்கள் நிற்பார்கள். உங்கள் வேலை நிற்பது மட்டும். கைகளை முதுகுக்குப் பின்னால் பட்டையால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த அம்மாக்கள் எல்லோரும் வருவார்கள், நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கை இல்லாவிட்டால் நான் என்ன தூக்குகிறேன் என்று ஊரே பார்க்கட்டும். நீங்களும் கையைப் பிசையக்கூட முடியாமல் நின்று பாருங்கள்.

வர பயமாக இருந்தால் சொல்லிவிடுங்கள், வேறு ஆளை நிறுத்திக்கொள்கிறேன்.


செப்டம்பர் 24

வருகிறேன். கையைக் கட்டிக்கொண்டே நிற்கிறேன்.

உன் அண்ணன் காதில் விழுந்ததும் “உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம் முத்திடுச்சா?” என்று குதித்தார். “இது எனக்கும் உங்க தங்கச்சிக்கும் நடுவுல, நீங்க பட்டறையைப் பாருங்க” என்று சொல்லிவிட்டேன். பட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அகலமாகத் தைக்கச் சொல்லியிருக்கிறேன், பின் வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியட்டும்.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஜெயித்தவர்கள் கையில் மைக் கொடுப்பார்கள். நீ தூக்கிவிட்டால், ‘அன்றைக்கு அண்ணி வேண்டுமென்று தொடவில்லை’ என்று அதில் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். கொட்டகையில் இப்போது என் பக்கம், உன் பக்கம் என்ற வித்தியாசமே இல்லை, இரண்டும் காலி. இதற்குச் சம்மதமில்லை என்றால் எழுது. எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

அண்ணி


நவம்பர் 18

கிரேனுக்கு,

நீ எழுதவில்லை. சம்மதம் என்று நம்பி வந்த என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி முயற்சியில் பார் நடுவில் நின்றதே, அப்போது நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்து “அண்ணி” என்றாய். நீ மறுத்தாலும் என் காதில் விழுந்தது. என் கை தானாகப் போயிற்று. பட்டை இழுத்த இழுப்பில் இரண்டு மணிக்கட்டிலும் தோல் உரிந்துவிட்டது. கட்டாமல் இருந்திருந்தால் சத்தியமாகத் தொட்டிருப்பேன். அப்புறம் மூச்சை அடக்கி ஒரு உறுமல் உறுமினாய், பார் ஏறியது. மூன்று வெள்ளை விளக்கு. வாய்விட்டு அழுதேன். அது சந்தோஷ அழுகைதான். அதைக்கூட உனக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

மைக் வந்தது. பஸ் ஓட்டும் அம்மாவுக்கு நன்றி சொன்னாய். சலவைக்கூடத்தில் உனக்காக வேலை மாற்றிக்கொண்டவளுக்கு நன்றி சொன்னாய். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் கை அப்போதும் பின்னால் கட்டியே இருந்தது, அவிழ்த்துவிடக்கூட ஆளில்லை. பார்த்துக்கொண்டே மைக்கைக் கீழே வைத்தாய்.

கழிவறையில் அந்த அம்மாக்கள் பேசிக்கொண்டதைச் சொல்கிறேன். “பாத்தியா, அந்தம்மா கையைக் கட்டிப் போட்டாத்தான் பொண்ணு தூக்குறா.” நீ தூக்காமல் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். தூக்கியதாலேயே நான் திருடி என்று ஆகிவிட்டது. இது உனக்குத் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. உன் முகத்திலேயே பார்த்துவிட்டேன்.

இந்த மாதத்தோடு கொட்டகையை மூடுகிறேன். வளையத்தையும் கம்பியையும் அறுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் இரும்பை வந்து எடுத்துக்கொண்டு போ. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வா.


நவம்பர் 23

அண்ணிக்கு,

தெரிந்தேதான் செய்தேன். மைக்கைக் கீழே வைத்தபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, உங்கள் முகத்தைத் திரும்பத் திரும்ப நினைத்து ரசித்துக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்து அடுத்த நாள் படுத்தேன். வழக்கம்போல உங்கள் முகத்தை நினைத்தால், அழுகிற முகம் வருகிறது. அதை வைத்துக்கொண்டு எண்பதுகூட ஏறவில்லை. பஸ் ஓட்டும் அம்மா, “என்னாச்சு, கோபம் தீந்துபோச்சா?” என்றார். அவரை அடிக்கலாம் போல இருந்தது.

நீங்கள் ஏப்ரலில் கேட்டதற்குப் பதில்: தெரியும். உங்கள் விரல் அடியில் இருப்பது முதல் நாளே தெரியும். இரண்டு விரல்கூட இல்லை, சில நாள் நான்கு. திரும்பிப் பார்த்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று திரும்பவில்லை. போதுமா?

கொட்டகையை மூடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்த அம்மாக்களைப் பெண்களோடு வரச் சொல்லுங்கள், வரமாட்டேன் என்பவர்களை அண்ணன் போய் அழைத்து வரட்டும். பாரில் நூறு கிலோ மாட்டுங்கள். என்னால் தூக்க முடியாது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், படுப்பதற்கு முன் நானே அவர்களிடமும் சொல்லிவிடுவேன். முனையில் ஆள் வேண்டாம், சட்டமும் வேண்டாம். நெஞ்சுவரை இறக்குவேன், அங்கேயே நின்றுவிடும். நீங்கள் ஒருத்திதான் நிற்க வேண்டும். யாருடைய கையை நம்பி நான் அதன் கீழே படுக்கிறேன் என்று அவர்கள் பார்க்கட்டும். மைக்கில் சொல்லியிருந்தால் காதோடு போயிருக்கும்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அணியில் போன இடம் போனதுதான், அந்தக் கோபம் எனக்குச் சாகும்வரை இருக்கும்.

கிரேன்


நவம்பர் 26

கிரேனுக்கு,

எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பல் மருத்துவரிடம் வேலை செய்கிற பெண்கூட வருகிறாளாம், வேடிக்கை என்றால் யாருக்குத்தான் கசக்கும். உன் அண்ணன் பெஞ்சுக்குப் புதிதாக நாலு வெல்டிங் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தான் ஊரிலேயே இருக்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இருப்பார்.

மணிக்கட்டுக் காயம் ஆறிவிட்டது. கை திடமாக இருக்கிறது. நூறு கிலோவை உன் நெஞ்சிலிருந்து ஒருத்தியாக எடுக்க என்னால் முடியும். இத்தனை வருடம் என் கனத்தை நானே தூக்கித் தொங்கியவள் நான், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

நீயும் பயப்படாமல் வந்து படு. கட்டாயம் பிடிப்பேன்.

ஆனால் அந்த மைக்கை நீ கீழே வைத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. எவ்வளவு நேரம் கழித்துப் பிடிப்பேன் என்று மட்டும் இப்போது சொல்லமாட்டேன்.

அண்ணி